மக்கிப் போகும் என்று சொன்னவள்

1

இன்று பின்னேரம் மிதுவைக் கூட்டிவரப் போனபோது, கீட்டாவில் அவளைப் பார்க்கிற ஆசிரியை ஒரு துணிப்பையை என் கையில் தந்தாள். கீட்டா என்பது இங்கே ஜெர்மனியில் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற இடம். பைக்குள் நான் கொடுத்து வைத்திருந்த துணி நாப்பிகள், நான் மடித்த மடிப்புக் குலையாமல் இருந்தன. இனித் தேவையில்லை, பிள்ளை தானாகவே கேட்டுக் கழிப்பறைக்குப் போகிறாள் என்றாள். பட்டமளிப்பு விழாவில் நிற்பவள்போல அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கும் சந்தோஷம்தான். இரண்டரை வருஷத்துக்கு மேலாக ஒரு சின்ன மனுசியின் பீயையும் மூத்திரத்தையும் அலசி, பிழிந்து, காயப்போட்டு வந்தவளுக்கு அந்தப் பை ஓய்வூதியம் கிடைத்த மாதிரி. பஸ் நிறுத்தம்வரை சிரித்துக்கொண்டுதான் வந்தேன். இதை அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தது. உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா திருகோணமலையில், சல்லியில் இருக்கிறார். போன வருஷம் மிதுவைச் சில மாதங்கள் அவரிடம் விட்டுவிட்டு வருவதற்காகப் போய், விடாமலே தூக்கிக்கொண்டு திரும்பியவள் நான். ஊர் ஊத்தை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள், வெளிநாட்டுக் கொழுப்பு என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது இங்கே டோர்ட்முண்டில் உள்ள எங்கள் ஆட்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கதை பாதி உண்மை. மற்றப் பாதியையும் யாராவது சொல்லிக் கெடுக்க முன்னம் நானே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் ஒன்று. சுற்றுச்சூழல், பூமி, எதிர்காலச் சந்ததி என்றெல்லாம் நினைத்து நான் இந்த வழிக்கு வரவில்லை. மிது பிறந்த புதிதில் எங்கள் குசினிக் குப்பை வாளி டயப்பர்களால் நிரம்பி, மூடி மூடாமல், சின்ன வீடு முழுக்க நாறியது. அதைப் பொறுக்க முடியாமல்தான் துணிக்கு மாறினேன். மற்றவர்கள் பூமியைக் காப்பாற்றத் தொடங்குகிறார்கள். நான் மூக்கைக் காப்பாற்றத் தொடங்கினேன்.

தொடங்கிய பிறகு நிற்பது கஷ்டம். துணி நாப்பியிலிருந்து கட்டிச் சவர்க்காரம், அதிலிருந்து கண்ணாடிப் போத்தல், பிறகு மரப் பல்துலக்கி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தது. குளியலறையில் மூடிபோட்ட வாளி. பால்கனியில் கொடி. என் கணவர் ரமணன் ஒருநாள் குளித்துவிட்டு வந்து, “இது வீடோ, இல்லாட்டி வண்ணான்துறையோ?” என்று கேட்டார். இரவுக்கு மட்டும் துணி தாங்காது. அதனால் இரவில் போட ஒருவகை டயப்பர் வாங்கினேன். சோளத்திலும் மரநாரிலும் செய்தது, மக்கிப் போகக் கூடியது என்று பைக்கற்றில் பச்சை எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் செம்மஞ்சள் நரி ஒன்றின் படம். மாற்றும்போதெல்லாம் மிது அந்த நரியைத் தொட்டு “ஃபுக்ஸ்” என்பாள். நரிக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். அவள் முதலில் பேசிய சொற்களில் அதுவும் ஒன்று. அம்மா என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. அது எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல்.

இவற்றையெல்லாம் செய்கிற தாய்மார் குழு ஒன்று இங்கே உண்டு. கிழமைக்கு ஒருதரம் ஒரு மண்டபத்தில் கூடி, யார் வீட்டில் எவ்வளவு குறைவாகக் குப்பை என்று பேசுவோம். அந்தக் குழுவும் எனக்கு அருவருப்புத்தான். கோடை விடுமுறைக்கு ஆசியா முழுக்கப் பறந்துவிட்டு வந்து மூங்கில் கரண்டி பற்றிப் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் என்னைப் பார்த்து, “உங்கள் நாட்டில் எல்லாரும் இயல்பாகவே இப்படித்தானே வாழ்வார்கள், இலையில் சாப்பிட்டு?” என்று கேட்டாள். நான் வெட்கமில்லாமல் ஓம் என்று தலையாட்டினேன். வாழையிலை, பனையோலைப் பெட்டி என்றெல்லாம் அளந்தேன். சோற்றுப் பார்சலைச் சுற்றுகிற பிளாஸ்டிக் லஞ்ச் சீற் பற்றி மூச்சும் விடவில்லை.

மிதுவுக்கு இரண்டு வயது நெருங்க எனது பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்துகொண்டு வந்தது. பல் வைத்தியரின் கிளினிக்கில் உதவியாளர் வேலை. திரும்பிப் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். கீட்டா இடமோ கிடைக்கிறதாக இல்லை. மிது வயிற்றில் இருக்கும்போதே பதிந்தோம். எங்கே கேட்டாலும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றார்கள். நகரசபைக்குப் போனால் கீட்டாவிடம் கேள் என்றார்கள். கீட்டாவிடம் போனால் நகரசபைக்குப் போ என்றார்கள். இரண்டு இடத்திலும் மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதைதான் கூடுதலாக எரிந்தது.

அப்போதுதான் அக்கா தொலைபேசியில், “என்னட்டை விடு. இடம் கிடைச்ச உடனே வந்து கூட்டிக்கொண்டு போ” என்றார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருஷம். வெருகல் முருகனிடம் நேர்த்தி வைக்காத வருஷம் இல்லை. ஒரு பிள்ளை வந்து அவருடைய வீட்டில் சில மாதமாவது இருக்கப்போகிறது என்பது அவருக்கு என்ன என்று எனக்கு விளங்கியது. விளங்கித்தான் ஓம் என்றேன்.

3

அக்கா வீட்டைப் பிள்ளைக்காகத் தயாராக்கி வைத்திருந்தார். கிணற்றுக்குக் கம்பிவலை மூடி. வாசல் படலைக்குப் புதுக் கொளுக்கி. சின்ன மரக் கதிரை ஒன்று, காலில் இரத்தச் சிவப்புப் பெயின்ற். மிது அந்தக் கதிரையில் ஏறி இருந்ததும் அக்கா அழுதார். அத்தான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றுகிறவர்போல நின்றார்.

முதல்நாள் பின்னேரமே என் அருவருப்புத் தொடங்கியது. மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டைச் சுற்றி வளவு கூட்டுவார். விழுந்த இலை, மீன் செதில், தயிர்க் கோப்பை, சொப்பிங் பை, பிஸ்கட் உறை எல்லாம் ஒரே குவியல். அதில் ஒரு காய்ந்த தென்னோலையைச் செருகி நெருப்பு வைப்பார். அந்த நேரம் சல்லியில் எல்லா வளவிலும் இதேதான். கச்சான் காற்று அடிக்கிற காலம். எல்லார் வீட்டுப் பிளாஸ்டிக் புகையும் எல்லார் வீட்டுக்குள்ளும் சமமாகப் போகும். என் மகள் அந்தப் புகைக்கு நடுவே நின்று கைதட்டினாள்.

“அக்கா, இது நஞ்சு. பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது.”

“பின்னை என்ன செய்யிறது? குப்பை ட்ரக்டர் மெயின் றோட்டோட திரும்பிப் போகும். இஞ்ச உள்ளுக்கு வராது.”

“சேர்த்து வைக்கலாம்.”

“சேர்த்து வை, பாப்பம்.”

சேர்த்து வைத்தேன். தயிர்க் கோப்பைகளைக் கழுவித் துடைத்து உரப்பைகளில் கட்டினேன். கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் அள்ளுவதைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழமையில் பைகளுக்குள் எலி குடிவந்தது. பைகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றில் பழைய பிளாஸ்டிக் வாங்குகிற ஒருவரிடம் போனேன். அவர் போத்தல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, “மற்றதுகளைக் கொண்டு போங்கோ தங்கச்சி” என்றார். திரும்பி வரும்போது ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அன்று பின்னேரம் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்காமல் பைகளை நெருப்பில் கொட்டினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஒருநாள் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள் மான்கள் நிற்கும் இடத்தில் மிதுவை இறக்கிவிட்டேன். ஒரு பெண்மான் அவள் முன்னால் வந்து நின்றது. என்ன வடிவு என்று நினைத்தேன். அதன் வாயிலிருந்து லஞ்ச் சீற் ஒன்று தொங்கியது. குழம்பு காய்ந்த மஞ்சள் சீற். நின்று நிதானமாக அதை மென்று உள்ளே இழுத்தது. பக்கத்தில் நின்ற குடும்பம் அதைப் படம் எடுத்தது. கைத்தொலைபேசியை எடுத்து நானும் படம் எடுத்தேன், குழுவுக்கு அனுப்ப. நான் தலையாட்டிய வாழையிலைக் கதைக்கு இனி என்ன சொல்வேன் என்பது அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது.

இவ்வளவையும் எரிக்கிற அதே அக்கா எரிக்காத ஒன்று இருந்தது. வந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிது இரவில் போட்ட நரி டயப்பரை அத்தான் காலால் தள்ளிக் குப்பைக் குவியலில் சேர்த்தார். நெருப்புப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அக்கா ஓடிவந்து வெறுங்கையால் அதை இழுத்து எடுத்தார்.

“விசரே உங்களுக்கு? பிள்ளையின்ரை பீயை நெருப்பிலயோ போடுறது?”

“ஏன் அக்கா?” என்றேன்.

“பிள்ளைக்குக் குண்டி வெந்துபோகும். வயித்துக்கையும் சூடு இறங்கும். உனக்கு அம்மா இதொண்டும் சொல்லித் தரேல்லையோ?”

நான் சிரித்தேன். எரிக்கவே வேண்டாம் அக்கா, இது சாதாரண டயப்பர் இல்லை என்றேன். பைக்கற்றை எடுத்துவந்து பச்சை எழுத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சோளம், மரம், மக்கிப் போகும். அக்கா பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நரியும் வடிவாத்தான் இருக்கு” என்றார். நான் அந்த டயப்பரை முருங்கை மரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டேன். ஒரு பாடம் நடத்துகிற நினைப்பு எனக்கு. விடியப் பார்த்தால் நாய் கிண்டி வளவு முழுக்க இழுத்துப் போட்டிருந்தது. அத்தான்தான் அதை அள்ளினார்.

4

மிது ஜெர்மன் குடிமகள். ஒரு மாத விசாவில் வந்தவள். அவளை அக்காவிடம் விடுவதென்றால் விசாவை நீட்ட வேண்டும். அதற்கு நான் கொழும்புக்குப் போனேன். இரண்டு இரவு அங்கே தங்க வேண்டியிருந்தது. ஒரு கவுண்டரில் சிங்களத்தில் கேட்டார்கள், அடுத்ததில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். களைத்துப்போய் ஒருவருக்கு நான் ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, தாய் இலங்கையில் பிறந்தவரா என்று இரண்டாம் தரம் கேட்டார். திருகோணமலையில் பிறந்த என் பிள்ளை திருகோணமலையில் நிற்க அனுமதி கேட்டு நிற்கிறேனா என்று ஒரு கோபம் வந்தது. பிறகு அவள் அங்கே பிறக்கவில்லை, நான்தான் பிறந்தேன் என்பது உறைத்தது.

அக்காவுக்கு அழைத்தபோதெல்லாம் “சுகமா இருக்கிறாள், நீ அலுவலைப் பார்” என்றார். வந்து பார்த்தால் மிதுவுக்குக் கன்னம் வற்றியிருந்தது. நான் போன அன்றே வயிற்றோட்டம். துணி நாப்பி எல்லாம் முடிந்து, காயக் காயப் போட்டும் போதாமல், அக்கா நரிப் பைக்கற்றை உடைத்திருக்கிறார். இரண்டு இரவும் நித்திரை இல்லை. மாதுளங்கோதைக் கொதிக்க வைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டி, நான் வரும்போது மிது அவருடைய மடியில் கிடந்து சிரித்தாள். அக்காவின் கண்கள் உள்ளே போயிருந்தன. சொன்னால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். இவரிடம் பிள்ளையை விடலாம், இவரைவிட யாரிடம் விடுவது என்று அப்போது முடிவெடுத்தேன். வெறும் பைக்கற் அலுமாரிக்கு மேலே இருந்தது. உள்ளே இருந்தவை எங்கே போயின என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை கரைவலை இழுத்தார்கள். அத்தானும் அந்த வலையில் ஒரு ஆள். வலை அதன் முதலாளி சம்மாட்டியுடையது. இழுக்கிறவர்களுக்கு மீனில் பங்கு. மிதுவுக்குக் காட்டலாம் என்று அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடந்தார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கத் தண்ணீர் வெள்ளியாகக் கொதித்தது. நெத்தலி. நல்ல பாடு என்று எல்லார் முகத்திலும் தெரிந்தது.

மடியை அவிழ்த்தார்கள். நெத்தலிக்கு நடுவே வெள்ளையாக, ஊதிப் பெருத்து, ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தலையணை அளவில் டயப்பர்கள். இழுபட்டதில் சில வெடித்திருந்தன. உள்ளே இருந்த களி வெளியே வந்து, வேக வைத்த சவ்வரிசிபோல மீனெல்லாம் ஒட்டிக் கிடந்தது. காயப்போட்டுக் கருவாடாக்குகிற நெத்தலி. கழுவக் கழுவ அந்தக் களி இன்னும் ஊதியது. ஒருவர் தூ என்று துப்பினார். சம்மாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் குந்தினார்.

“நிலாவெளி ஹோட்டல்காரர்தான்,” என்றார் ஒருவர்.

“ரவுண் ஆக்களாயும் இருக்கும். பாலத்தால எறியிறவங்கள்.”

எனக்கு நாக்கு அடங்கவில்லை. இத்தனை நாள் பொறுத்த புகை, மான், எலி எல்லாம் ஒன்றாக வாயில் வந்தது. மனுசர் செய்கிற வேலையா இது, தாங்கள் பெற்ற பிள்ளையின் பீயைத் தாங்கள் தின்கிற மீனுக்குள் போடுகிற சனம், எங்கள் சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் அறிவு வராது என்று கத்தினேன். குழுவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று கிட்டப் போய்க் குனிந்தேன். அக்கா என் பின்னால் நின்றார். அவருடைய இடுப்பில் இருந்த மிது கையை நீட்டினாள்.

“ஃபுக்ஸ்,” என்றாள். நல்ல சந்தோஷமாக, இன்னொருதரமும் சொன்னாள். “ஃபுக்ஸ்.”

செம்மஞ்சள் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. மற்றும்படி நரிக்கு ஒரு குறையும் இல்லை. வால்கூட இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் இருந்தது.

“பிள்ளை என்ன சொல்லுது?” என்று சம்மாட்டி கேட்டார்.

அக்கா மிதுவின் நீட்டிய கையைப் பிடித்து இறக்கினார். அத்தான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து ஒரு டயப்பரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னையும் அக்காவையும் பார்த்தார்.

“இது எங்கட வீட்டுதுதான் அண்ணை,” என்றார். “பிள்ளைக்கு வயித்தாலை போனது. என்ரை பங்கைக் கழியுங்கோ.”

அவ்வளவுதான். சிலர் அத்தானை ஏசினார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாருமாகக் குந்தியிருந்து நெத்தலியிலிருந்து களியை வழிக்கத் தொடங்கினார்கள். நான் கத்திய கத்தலுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பதிலுக்கு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் பிள்ளையின் பீயை அந்த மனுசர் விரலால் வழித்துக்கொண்டிருக்க நான் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் என்னையே நான் அப்படி அருவருத்தது இல்லை. அதைத் தாங்க ஏலாமல் அருவருப்பு முழுவதையும் அக்காவின் மேல் திருப்பினேன்.

5

வீட்டுக்கு வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. படலையடியிலேயே தொடங்கினேன்.

“எங்கை போட்டனீங்கள் அக்கா?”

“பாலத்தடியில. தண்ணி வத்துற நேரம் பாத்துத்தான் போட்டனான், வெளியில இழுத்துக்கொண்டு போகுமெண்டு.”

“கடலுக்கையோ? எப்படி அக்கா மனம் வந்தது?”

“நீதானே சொன்னனீ மக்கிப் போகும் எண்டு.”

“மண்ணில அக்கா. மண்ணிலதான் மக்கும்.”

“மண்ணில தாட்டதை நாய் கிண்டினது. ட்ரக்டரும் வராது. பிள்ளைக்கு வயித்தாலை போகேக்க அதை நெருப்பில போட என்னாலை ஏலுமோ? தண்ணியில போட்டால் குளிர்மைதானே. அந்த ரெண்டு நாளும் பிள்ளை எப்பிடிக் கிடந்தவள் எண்டு உனக்குத் தெரியுமோ?”

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் என் பிள்ளையை நினைத்த பயம்தான் இருந்தது. என்னுடைய சொல்லும் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சோளம், மரம் என்று வாசித்துக் காட்டிய அதே வாயால் நான், “இந்த ஊத்தைக்குள்ள என்ரை பிள்ளையை விடமாட்டன்” என்றேன். சொன்ன கையோடு அக்காவின் இடுப்பிலிருந்து மிதுவைப் பறித்து எடுத்தேன். அவள் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். விரலை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

அன்று பின்னேரம் அக்கா வளவு கூட்டினார், ஆனால் நெருப்பு வைக்கவில்லை. நான் பயணப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் காய்ந்த நாப்பிகளை எடுத்து வந்து என் பக்கத்தில் இருந்து மடிக்கத் தொடங்கினார். அப்போது கேட்டார்.

“அங்கை நீ இதுகளை என்ன செய்யிறனீ? அந்த நரியை.”

“குப்பை வாளியில போடுவம் அக்கா. கிழமைக்கு ஒருக்கா வந்து எடுப்பினம்.”

“எடுத்து?”

நான் உண்மையைச் சொன்னேன். அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. “பெரிய ஆலை இருக்கு. எரிச்சு அந்தச் சூட்டில கரண்ட் எடுக்கிறாங்கள்.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் ஒருதரம் பார்த்திருந்தேன். காலையில் கரையில், மடியை அவிழ்த்தபோது எல்லார் முகத்திலும் இருந்தது அது.

“எத்தினை காலமா?”

“இரவில போடுறது மட்டும்தான்.”

“பிறந்ததில இருந்து?”

“ஓம்.”

மிதுவுக்கு அடிக்கடி பின்பக்கம் சிவந்து தோல் உரியும். வைத்தியர் பூசக் களிம்பு தந்திருந்தார். வந்த முதல்நாளே அக்கா அதைக் கண்டு தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வந்தவர். இப்போது தரையில் படுத்துக் கிடந்த பிள்ளையின் காற்சட்டையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். பிறகு விட்டார்.

“நான் தண்ணியிலதான் போட்டனான்,” என்றார். “நீ ஒவ்வொரு நாளும் நெருப்பில போட்டிருக்கிறாய். இதுக்குள்ளையோ பிள்ளையைத் திருப்பிக் கொண்டு போகப் போறாய்?”

நான் சிரிக்கவில்லை. அக்காவுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கடலில் போட்டவர், நெருப்பில் போட்டவள், இருவரில் யார் கூட அறிவாளி என்று அந்த இடத்தில் எனக்கே தெரியவில்லை. அடுத்த நாள் விமானச் சீட்டை முந்திய நாளுக்கு மாற்றிக்கொண்டு மிதுவோடு கொழும்புக்கு வெளிக்கிட்டேன். அத்தான் பஸ்வரை வந்தார். அக்கா படலையோடு நின்றுவிட்டார்.

6

இங்கே வந்த பிறகு நான் அரைநேரம் வேலை செய்தேன். ரமணன் இரவு வேலைக்கு மாறினார். வாசலில் ஒருவரை ஒருவர் கடந்து, பிள்ளையைக் கைமாற்றிச் சில மாதம் சமாளித்தோம். பிறகு கீட்டாவில் ஒரு பிள்ளை வேறு நகரத்துக்குப் போக, அந்த இடம் மிதுவுக்குக் கிடைத்தது. துணி நாப்பி கொண்டுவந்தால் சுகாதார விதிப்படி எங்கே வைப்பது என்று அவர்களுக்கு ஒரு பிரச்சினை. நான் ஒரு பிரச்சினை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நரிப் பைக்கற்றும் வாங்குவதில்லை. இரவுக்கும் துணியை இரண்டு மடங்காக வைத்து, நனைந்த படுக்கையைக் காலையில் மாற்றினேன். நன்மைக்காக இல்லை. இரவு டயப்பரைக் குப்பைப் பெட்டிக்குள் போடும்போதெல்லாம் என் கை கூசத் தொடங்கியது. ஒரு சொட்டும் நம்பாத ஒரு நம்பிக்கைக்காக ஒரு படித்த பெண் இரவிரவாக எழும்பிப் படுக்கை மாற்றினாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மிது இப்போது கீட்டாவில் பாடிய பாட்டை வீட்டிலும் ஜெர்மனில்தான் பாடுகிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். சல்லியில் கழித்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் இல்லை. கடற்கரையில் நான் எடுத்த படத்தில் அக்காவைக் காட்டி, அது யார் என்று கேட்டாள்.

இந்தப் பத்து மாதத்தில் அக்காவோடு ஒரு நல்லநாள் பெருநாளில் பேசியதோடு சரி. சுகமா, சுகம், மழையா, இல்லை. பிள்ளை எப்படி என்று அவர் கேட்பார். நல்லாயிருக்கிறாள் என்பேன். பின்பக்கச் சிவப்புப் பற்றி அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இன்றைக்குப் பையை மேசையில் வைத்துவிட்டு அழைத்தேன். அங்கே இருட்டி இரவாகியிருக்கும். அக்கா எடுத்ததும் பின்னால் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, மிதுவுக்கு நாப்பி விட்டிட்டுது. இனித் தேவையில்லையாம். தானாக் கேட்டுப் போறாளாம்.”

துருவுகிற சத்தம் நின்றது.

“அப்ப இனி எரிக்கிறதுக்கு ஒண்டுமில்லை.”

“இல்லை அக்கா.”

“நல்லது. இஞ்சையும் இப்ப ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ட்ரக்டர் உள்ளுக்கு வருது. கதைச்சுக் கதைச்சு வரப் பண்ணியாச்சு.” துருவுகிற சத்தம் திரும்பவும் தொடங்கியது. “நான் இனித் தண்ணியில போடவும் ஒண்டுமில்லை. அப்ப, கொண்டுவந்து கொஞ்ச நாள் என்னட்டை விடன்.”

இவ்வளவு நேரமும் எதைக் கேட்கப் போகிறார் என்று பயந்திருந்தேனோ அதையே கேட்டார். எனக்கு வாயில் ஆயத்தமாக ஒரு நல்ல காரணம் இருந்தது. உண்மையான காரணம். அதைச் சொன்னேன்.

“கீட்டா இடம் கிடைச்சிட்டுது அக்கா. நானும் முழுநேரம் வேலைக்குப் போறன். இப்ப விடவேண்டிய தேவை இல்லை.”

“ஓம், உனக்குத் தேவையில்லை,” என்றார் அக்கா. “நான் எனக்குத்தான் கேட்டனான்.”